ஒன்றாம் நம்பர் கடிதம்

"இன்கமிங் வேலை செய்யவில்லை. உடனே வரவும்" என்று சிகரெட் அட்டையைக் கிழித்து யூசுப் எழுதி வைத்திருந்தான். கீழே கதிர்காமநாதன் என்று பெயர். காலையிலிருந்து மூன்று முறை கூப்பிட்டாராம். மூன்றாவது முறை, "நான் சொன்னதை எழுதிக்கிட்டீங்களா? எழுதினதைப் படிச்சுக் காட்டுங்க" என்றாராம்.

"யார்ரா இந்தப் பெரியவரு? கோர்ட்ல நிக்கிற மாதிரி இருந்துச்சு லா" என்றான் யூசுப்.

"கவர்மென்ட் ஆபீஸ்ல முப்பத்தாறு வருஷம் கிராணியா கடுதாசி எழுதிப் பதிஞ்சவரு. அப்படித்தான் இருப்பாரு."

தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஆகஸ்ட் கடைசி அது. நான் வேலை பார்த்த தொழிற்சாலை அந்த வருஷப் பிறப்பிலேயே முந்நூறு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அதில் நானும் ஒருவன். பினாங்கு ரோட்டுக்குப் பின்னால், ஒரு மாடிப்படிக்குக் கீழே, யூசுப்போடு சேர்ந்து கம்பியூட்டர் பழுது பார்க்கும் கடை போட்டேன். கடையில் ஆளுக்கு ஒரு நாற்காலி போட்டால் வாடிக்கையாளர் நிற்க வேண்டும். எனக்குக் கம்பியூட்டரைப் பற்றித் தெரிந்ததைவிடத் தெரிந்த மாதிரிப் பேசுவது நன்றாக வரும். அதை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் இண்டர்நெட் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளை ஆஸ்திரேலியாவுக்கும் லண்டனுக்கும் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் வீடுகள்தான் அதிகம். மோடம் கீச்சிட ஆரம்பித்தால் அடுப்படியில் இருக்கும் அம்மா கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வருவார்.

கதிர்காமநாதன் அங்கிள் வீடு கிரீன் லேனில். மே மாதம் ஒரு தடவை போயிருந்தேன். பழைய இண்டர்நெட் கம்பெனியை விட்டுப் புதிய கம்பெனிக்கு மாறியிருந்தார். அதற்குத் தகுந்தபடி மெயில் புரோகிராமைச் சரி செய்து கொடுத்தேன். யூசுப்பை ஒரு மெயில் அனுப்பச் சொல்லி, அது வந்து விழுந்ததையும் காட்டினேன். அவர் எல்லாவற்றையும் குறிப்பெடுத்துக்கொண்டார். இன்னும் ஏதோ கேட்க வந்தார். என் இடுப்பில் பேஜர் அலறியது. பாயான் பாருவில் இன்னொரு வீடு காத்திருந்தது. "எல்லாம் ஓகே அங்கிள்" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

அந்த "எல்லாம் ஓகே" இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

மூன்று மணி வெயிலில் போய்ச் சேர்ந்தேன். மழைக்கு முன்னால் வரும் புழுக்கம். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவர் மனைவி செல்வநாயகி ஆன்டிதான் கேட்டைத் திறந்தார். கையில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது. மே மாதம் பார்த்த ஆள் இல்லை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"வாங்கோ தம்பி. வெயில்லயே வந்திருக்கிறீங்க. முதல்ல தண்ணி குடியுங்கோ."

அங்கிள் வீட்டுக்குள்ளேயே முழுக்கால்சட்டையும் இஸ்திரி போட்ட சட்டையுமாக மேசை முன் உட்கார்ந்திருந்தார். ஆபீஸ் மேசை எப்படி இருக்குமோ அப்படியே அதை வைத்திருந்தார். கம்பியூட்டருக்கு இடது பக்கம் ஒரு மரத் தட்டு, வரும் காகிதத்துக்கு. வலது பக்கம் இன்னொரு மரத் தட்டு, போகும் காகிதத்துக்கு. தேதி மாற்றி வைக்கும் ரப்பர் முத்திரை, நீல அட்டை போட்ட கடிதப் பதிவேடு, ஒரு ஃபைல்.

"நாலு வாரம், ஆறு நாள்" என்றார். "கடைசி மெயில் வந்தது ஜூலை இருபத்தி நாலு. அதுக்கு அப்புறம் ஒன்னும் வரல. மகள்கிட்ட இருந்து."

"பெர்த்துல இருக்காங்களே, அவங்களா? ஒரு போன் அடிச்சுப் பாத்துட்டீங்களா அங்கிள்?"

சமையலறை வாசலில் நின்ற ஆன்டிதான் சொன்னார்.

"எந்த நம்பருக்கு அடிக்கிறது? பிள்ளை அந்த வீட்டை விட்டு வெளிக்கிட்டு ரெண்டரை மாசமாகுது."

"செல்வம், அது எதுக்கு இப்ப?"

"தம்பிக்குத் தெரிஞ்சா என்ன குறைஞ்சு போகும்? மறைச்சு மறைச்சு என்னத்தைக் கண்டம்?"

பிறகு நின்றபடியே சொல்லி முடித்தார். மகள் தவமலர். நாலு வருஷத்துக்கு முன்னால் பெர்த்தில் கணக்காய்வாளராக இருக்கும் மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல படிப்பு, நல்ல குடும்பம். கல்யாணமான மறு வருஷமே அடி ஆரம்பித்துவிட்டது. ஜூன் மாதம் ஒரு நாள் நெற்றியில் காயத்தோடு, ஒரு பையைத் தூக்கிக்கொண்டு, அடிபட்ட பெண்களுக்கென்று அங்கே நடத்தும் ஒரு விடுதிக்குப் போய்விட்டாள். ஆறு வாரம் வைத்திருப்பார்கள். முகவரியையும் போன் நம்பரையும் யாருக்கும் தரக் கூடாது என்பது அங்கே சட்டம். புருஷன்மார்கள் தேடி வந்துவிடுவார்களாம்.

"ஒரு தரம் பிள்ளை ரோட்டுப் போன்ல இருந்து எடுத்தாள் தம்பி. நான் கோயிலுக்குப் போயிட்டன். இவர்தான் எடுத்தவர். அழுதிருக்கிறாள். இவர் என்ன சொன்னார் தெரியுமோ? 'எழுத்தில் கொடு' எண்டு சொல்லிப்போட்டு வச்சிட்டார்."

"ஆத்திரத்துல பேசினா ரெண்டு பக்கமும் வாய் தவறும்" என்றார் அங்கிள், என்னைப் பார்த்து, ஆன்டியைப் பார்க்காமல். "எழுத்துல இருந்தா நிதானமா யோசிக்கலாம். அதுக்காகச் சொன்னேன் தம்பி."

எழுத்தில் கொடுத்திருக்கிறாள். அங்கே பொது லைப்ரரியில் இலவச மெயில் கணக்கு ஒன்று திறந்து ஐந்து மெயில் எழுதியிருக்கிறாள். ஐந்தையும் அவர் அச்செடுத்து, 'பெறப்பட்டது' முத்திரை குத்தி, தேதி வாரியாக ஃபைலில் கோத்து வைத்திருந்தார். அப்பாவும் மகளும் ஆங்கிலத்தில்தான் எழுதிக்கொள்வார்கள். முதல் கடிதம் ஜூன் பதினைந்து. "அப்பா, நான் வீட்டுக்கு வரலாமா? பாஸ்போர்ட் என்னிடம்தான் இருக்கிறது. வா என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், வந்துவிடுகிறேன்." இரண்டாவது, ஒரு வாரம் கழித்து. "பதிலுக்குக் காத்திருக்கிறேன். நேற்று தையல் பிரித்தார்கள்." கடைசிக் கடிதம் மூன்றே வரி. "நாளையோடு ஆறு வாரம் முடிகிறது. உங்களிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. சரி அப்பா."

"ஒரு வரிகூட வரலைன்னு எழுதியிருக்காங்களே. நீங்க பதில் போடலையா?"

"போடாம இருப்பேனா?" பதிவேட்டைத் திறந்து காட்டினார். புதுக் கம்பெனிக்கு மாறியதும் புதுப் பதிவேடு போட்டிருந்தார். ஒன்று முதல் ஒன்பது வரை நம்பர், தேதி, பெறுநர், பொருள், குறிப்பு. "ஒன்பது கடிதம். கடிதங்க வழியில ஒன்னையொன்னு தாண்டிப் போறது வழக்கம்தானே? நம்மளது போய்ச் சேர்றதுக்குள்ள அவ அங்க இருந்து எழுதியிருப்பா. அப்புறம் நான் எழுதினது பிடிக்காம கோவமா இருக்கான்னு நினைச்சேன். இப்பத்தான் சந்தேகம் வந்துச்சு, இன்கமிங்ல கோளாறா இருக்குமோன்னு."

"மெயில் ஏர்மெயில் மாதிரி இல்ல அங்கிள். ஒரு நிமிஷத்துல போயிரும்."

அவர் நம்பாத மாதிரி தலையை ஆட்டினார். வீட்டில் ஒரே லைன்தான், மோடம் ஓடும்போது போன் பேச முடியாது. முதலில் யூசுப்பைக் கூப்பிட்டு ஐந்து நிமிஷம் கழித்து ஒரு மெயில் அனுப்பச் சொன்னேன். பிறகு கம்பியூட்டரை லைனில் மாட்டினேன். மோடம் கீச்சிட்டது. ஆன்டி இரண்டடி முன்னால் வந்து நின்றார். வரும் பக்கத்து சர்வர் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல், எல்லாம் சரி. மெயில் வந்து விழுந்தது. "வரும்போது மீ கோரேங் புங்குஸ் பண்ணிட்டு வா" என்று நூடுல்ஸ் பொட்டலம் கேட்டு யூசுப் எழுதியிருந்தான்.

"இன்கமிங் நல்லாத்தான் இருக்கு அங்கிள்."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தைக்கு அந்த வீட்டில் என்ன அர்த்தம் என்று எனக்கு உறைத்தது. வருவதில் கோளாறு இல்லை என்றால் அவள் எழுதவில்லை. ஆன்டி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் திரையின் வலது கீழ் மூலையைப் பார்த்தேன். மஞ்சளாக ஒரு சின்ன எச்சரிக்கைக் குறி. கட்டெறும்பு அளவுதான் இருக்கும். பெரிதாக ஒரு ஜன்னல் திறந்து, கடிதம் போகவில்லை என்று அது சொல்லியிருக்க வேண்டும். திறக்காது, ஏனென்றால் நான்தான் மறைத்து வைத்திருந்தேன். வயசானவர்கள் ஒவ்வொரு ஜன்னலுக்கும் பயந்து கடைக்குப் போன் பண்ணுவார்கள் என்று எல்லா வீட்டிலும் நான் செய்கிற கெட்டிக்கார வேலை அது.

அவுட்பாக்ஸைத் திறந்தேன். ஒன்பது கடிதங்களும், தலைப்பில் பதிவேட்டு நம்பரும் தேதியுமாக, இருந்தன.

"பாத்தீங்களா?" என்றார் அங்கிள். குரலில் ஒரு பெருமை. "ஒன்பதும் இருக்கு. ஒன்னுகூடத் தவறல. தினமும் பாக்கிறேன்."

"அங்கிள், அங்க இருந்தா... போகலைன்னு அர்த்தம்."

"இல்ல லா தம்பி. அவுட்ல போயாச்சு." வலது பக்கத்து மரத் தட்டைத் தொட்டுக் காட்டினார். "இதுல வச்சாச்சுன்னா கிராணி வேலை முடிஞ்சது. பதினோரு மணிக்கும் மூணு மணிக்கும் பியூன் கமாலுதீன் வந்து எடுத்துட்டுப் போவான். முப்பத்தாறு வருஷத்துல நான் அவுட்ல வச்ச ஒரு கடுதாசி நின்னுபோனதில்ல."

"இங்க கமாலுதீன் இல்லையே அங்கிள்."

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொல்லிவிட்டேன். அவருடைய கை அந்தத் தட்டின் மேலேயே இருந்தது.

அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். இரண்டு வரி. மேல் வரி, கடிதம் வருகிற சர்வர், புதிய கம்பெனியின் பெயர். கீழ் வரி, கடிதம் போகிற சர்வர், பழைய கம்பெனியின் பெயர். மே மாதம் நான் மாற்றாமல் விட்ட வரி. தன்னிடம் பணம் கட்டாதவனுடைய கடிதத்தை எந்தக் கம்பெனியும் தூக்கிக்கொண்டு போகாது. ஒன்பது முறையும் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறது. அவரை ஒரு மெயில் அனுப்பச் சொல்லிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். இரண்டு நிமிஷ வேலை.

"என் தப்பு அங்கிள்" என்றேன். "நான் இதை மாத்தாம விட்டுட்டேன். வர்றதை மட்டும் பாத்தேன். போறதைப் பாக்கல."

"அப்ப என்ட பிள்ளைக்கு ஒண்டுமே போகேல்லையா?" என்றார் ஆன்டி. "ஆறு வாரம் அந்தப் பிள்ளை தாய் தகப்பன் செத்துப்போச்சினம் எண்டு இருந்திருக்குமே?"

எனக்கு முகத்தை வைத்துக்கொள்ள இடமில்லை. லைனைத் துண்டித்தேன். பழைய பெயரை அழித்துப் புதியதைத் தட்டினேன். பத்து வினாடிகூட ஆகவில்லை. "இப்ப லைன்ல மாட்டினா ஒன்பதும் ஒன்னாப் போயிரும்" என்றேன்.

"இருங்கோ" என்றார் ஆன்டி. "போறதுக்கு முந்தி எல்லாத்தையும் தமிழ்ல சொல்லுங்கோ. இவர் எனக்கு வாசிச்சுக் காட்டினது நாலாம் நம்பர்ல இருந்துதான். அதுக்கு முந்தி எழுதினதைக் கேட்டா, ஆபீஸ் சங்கதி மாதிரி, பிறகு பிறகு எண்டார்."

நான் அங்கிளைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஒன்றாம் நம்பர், ஜூன் பதினாறு. "உன் கடிதம் கிடைத்தது. விவரம் அறிந்தேன். கல்யாணமான பெண் கணவன் வீட்டை விட்டு வெளியே தங்கியது நம் குடும்பத்தில் இதுவரை நடந்ததில்லை. உன் தம்பிக்கு ஈப்போவில் பெண் பேசி வருகிறோம் என்பதை நினைவில் கொள்ளவும். உன் பக்கத்திலும் குறை இருக்கலாம். அவரிடம் மன்னிப்புக் கேட்டுத் திரும்பிப் போகவும். தற்சமயம் நீ இங்கே வருவது உசிதமல்ல."

சொல்லிக்கொண்டு வரும்போதே என் குரல் இறங்கிவிட்டது. ஆன்டி தேங்காய்ப்பூ ஒட்டிய கையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

இரண்டாம் நம்பரில் மாப்பிள்ளை அடித்த விவரங்களைத் தேதி வாரியாக எழுதி அனுப்பும்படி கேட்டிருந்தார். மூன்றில், விவரம் வந்து சேரவில்லை, உடம்பு எப்படி இருக்கிறது, தையல் எத்தனை என்று கேட்டிருந்தார். நான்கு, ஜூலை மூன்று. ஒரே வரி. "மகளே, வா." அதற்குப் பிறகு எல்லாம் அதேதான், நீளமாக. எந்த விமானம், யார் வந்து கூட்டிப் போவது, அவளுடைய அறைக்குப் புது மெத்தை வாங்கியது. ஒன்பதாம் நம்பரில் கிராணி என்று ஒருவர் இல்லவே இல்லை. "அப்பா தப்பாக எழுதிவிட்டேன். கோபமாக இருந்தால் திட்டியாவது ஒரு வரி எழுது. அம்மா சாப்பிடுவதில்லை. நானும்தான்."

"நெத்தியில தையல் போட்டிருக்கிற பிள்ளையைப் போய் மன்னிப்புக் கேள் எண்டு எழுதினீங்களா?" என்றார் ஆன்டி. சத்தம் போடவில்லை. "நான் அடுப்படியிலதானே நிண்டனான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

ஆன்டி உள்ளே போய்விட்டார். தேங்காய் துருவும் சத்தம் மறுபடி கேட்டது, வேக வேகமாக.

வெகுநேரம் கழித்து அங்கிள் கேட்டார். "தம்பி, ஒன்னாம் நம்பரை மட்டும் எடுத்துட முடியுமா?"

அவுட் தட்டிலிருந்து ஒரு காகிதத்தை உருவுவது அவருக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று அந்த அரை மணி நேரத்தில் எனக்குத் தெரிந்துபோயிருந்தது. எடுத்தேன். மோடம் கீச்சிட்டது. எட்டுக் கடிதங்களும் ஒன்றன் பின் ஒன்றாகப் போய், பெட்டி காலியானது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரச் சார்ப்பில் விழுந்த சத்தத்தில் அவர் சொன்னது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. பதிவேட்டில் அந்த எட்டு நம்பர்களுக்கு நேராகவும் அன்றைய தேதியைப் போட்டார். ஒன்றாம் நம்பருக்கு நேராக இருந்த கட்டம் காலியாகவே இருந்தது.

ஆன்டி புட்டும் சொதியும் கொண்டு வந்து வைத்தார். "சாப்பிட்டுப் போங்கோ" என்றார். என் தப்பு என்று நான் சொன்னது காதில் விழாத மாதிரியே வைத்தார். இரண்டு வாய்க்கு மேல் எனக்கு இறங்கவில்லை. மழையிலேயே கிளம்பி, மோட்டார் சைக்கிளைக் கடையில் விட்டேன். படகுத் துறையில் தலை துவட்டிக்கொண்டு நிற்கும்போதும் அக்கரையில் பட்டர்வொர்த் போய் இறங்கி பாகான் டாலாமில் என் வீட்டுக்கு நடக்கும்போதும் ஜூலை மூன்று, ஜூலை மூன்று என்றே மனசு சொல்லிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் புதன்கிழமை கூப்பிட்டார். "வந்திருக்கு தம்பி. வாங்க" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. நான் போட்ட பிரேக்கில் கிரீன் லேன் சிக்னலில் ஒருவர் திட்டினார்.

கடிதத்தை ஏற்கெனவே அச்செடுத்து முத்திரை குத்தியிருந்தார். என்னிடம் கொடுத்தார். "ஆன்டிக்கு நீங்களே சொல்லிடுங்க. என்னால முடியல."

"அப்பா, 2 முதல் 9 வரை எட்டுக் கடிதங்களும் ஒரே நாளில் கிடைத்தன. ஜூலை 25-ஆம் தேதி நான் அவர் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டேன். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை. பாஸ்போர்ட்டை அவர் வாங்கி வைத்துக்கொண்டார். நான்காம் நம்பர் ஜூலை மூன்றாம் தேதி எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்குக் கிடைத்திருந்தால் அன்றைக்கே கிளம்பியிருப்பேன். இப்போதும் வரலாம் என்று விடுதிக்காரம்மா சொல்கிறார். பாஸ்போர்ட் இல்லாவிட்டாலும் வழி இருக்கிறதாம். பயமாக இருக்கிறது. இன்றைக்கு லைப்ரரிக்கு வர இருபது நிமிஷம் கிடைத்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி வருவேன். வீட்டுக்குப் போன் பண்ண வேண்டாம், அவர்தான் எடுப்பார். அப்பா, நீங்கள் நம்பர் தவற விடுகிற ஆள் இல்லை. ஒன்றாம் நம்பர் எங்கே? அதில் என்ன எழுதியிருந்தீர்கள்?"

ஆன்டி கடைசி வரியைக் கேட்டதும் நேராக அவரிடம் போனார். "சொல்லிப்போடாதீங்கோ. கம்பியூட்டர்ல அழிஞ்சு போச்செண்டு எழுதுங்கோ. வந்திடு எண்டு மட்டும் எழுதுங்கோ. பிள்ளை வர மனசு வச்சிருக்கிறாள்."

"என் மேல போட்டுருங்க அங்கிள்" என்றேன் நான். "கடைக்காரன் செட்டிங்கைக் குழப்பினதுல ஒன்னு போயிருச்சுன்னு எழுதுங்க. பாதி உண்மைதானே."

அவர் பதிவேட்டைத் திறந்து அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டிருக்கா" என்றார். "எழுத்துல கேட்டிருக்கா. போன்ல அழுதப்ப எழுத்துல கொடுன்னு சொன்னவன் நான். இப்ப அவ கொடுத்திருக்கா. இதுக்கும் பொய் சொன்னா அப்புறம் நான் 'வா'ன்னு எழுதினதை மட்டும் எப்படி நம்புவா?"

"நம்புவாள். தகப்பன் சொன்னா நம்புவாள். ஐயோ, ஒரு பொய் சொன்னா என்ன?"

அவர் டைப் அடிக்க ஆரம்பித்தார். இரண்டு விரலால், ஒவ்வொரு எழுத்தாக. பத்தாம் நம்பர். ஒன்றாம் நம்பரைத் தாம் எழுதியதாகவும், அது போகாமல் நின்றதாகவும், பிறகு தாமே எடுத்துவிட்டதாகவும் எழுதினார். பதிவேட்டுக்குள் அதன் அச்சுப் பிரதியை வைத்திருந்தார். அதைப் பார்த்து ஒரு சொல் விடாமல் அடித்தார், 'உசிதமல்ல' வரைக்கும். அதன் கீழே, "அன்றைக்கு அப்படி நினைத்தேன். இன்றைக்கு அப்படி நினைக்கவில்லை. வா மகளே" என்று முடித்தார். இது நேர்மையா, இல்லை முப்பத்தாறு வருஷப் பழக்கம் மனுஷனை விடாமல் பிடித்திருந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்த நிமிஷத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது.

அவர் முகம் கழுவ எழுந்து போனார். ஆன்டி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, அண்டைக்கு அந்தப் பேரை மாத்தினீங்களே. பழைய கம்பெனிப் பேர். அதைத் திரும்பப் போட்டுவிட மாட்டீங்களா? ஒரு கிழமைக்கு மட்டும். இந்தக் கடிதம் இங்கயே நிக்கட்டும். 'வா' எண்டு மட்டும் நீங்க உங்கட கடையில இருந்து அனுப்பிவிடுங்கோ."

குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. முடியாத காரியமே இல்லை. பத்து வினாடி. அவருக்குத் தெரியவே தெரியாது, மூலையில் ஒரு மஞ்சள் குறி வரும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெயரை மறுபடி என் கையால் அடிக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஒரு தடவை நிறுத்தினதற்கே அந்தப் பெண் திரும்பிப் போய்விட்டாள்.

"முடியாது ஆன்டி" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனார். அங்கிள் வந்து உட்கார்ந்தார். "நீங்களே அமுக்குங்க தம்பி" என்றார். அமுக்கினேன். அவுட்பாக்ஸ் காலியாகிறதா என்று இந்தத் தடவை இருவரும் பார்த்தோம். காலியானது.

"போயிருச்சா?"

"போயிருச்சு அங்கிள்."

செவ்வாய்க்கிழமை பதில் வரவில்லை. புதன் வரவில்லை. அடுத்த செவ்வாயும் வரவில்லை. பதினோராம் நம்பர், பன்னிரண்டாம் நம்பர் எல்லாம் போயின. அவள் பத்தாம் நம்பரைப் படித்துவிட்டு வராமல் இருந்துவிட்டாளா, இல்லை, படிக்கவே லைப்ரரிக்கு வர முடியாமல் போய்விட்டதா, யாருக்கும் தெரியவில்லை. அக்டோபரில் ஆன்டி மகனைக் கூட்டிக்கொண்டு பெர்த்துக்குப் போனார். கல்யாணத்தன்று கொடுத்த முகவரியில் வாடகைக்கு விடப்படும் என்று பலகை தொங்கியதாம். பக்கத்து வீட்டுக்காரி, மூன்று வாரத்துக்கு முன்னால் காலி செய்தார்கள், எந்த ஊர் என்று தெரியாது, அந்தப் பெண் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு காரிலேயே உட்கார்ந்திருந்தாள் என்றாளாம். போலீசில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். போலீஸ் சொல்லி அங்கேயே வந்து பார்த்த விடுதிக்காரம்மா ஆன்டியின் கையைப் பிடித்துக்கொண்டாராம். அவளுக்காக ஒரு கட்டில் வைத்திருந்தோம் என்றாராம்.

இப்போது வியாழக்கிழமை தவறாமல் நான் கிரீன் லேனுக்குப் போகிறேன். அவர் கூப்பிடுவதற்கு முன்னாலேயே போய்விடுகிறேன். ஆன்டி கேட்டைத் திறப்பார். முன்பெல்லாம் வாங்கோ என்பார். இப்போது ஒன்றும் சொல்வதில்லை. மேசையில் காப்பியை வைத்துவிட்டுச் சமையலறை வாசலில் நின்றுகொள்வார்.

"எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடுங்க தம்பி" என்பார் அங்கிள்.

யூசுப்புக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு மோடத்தை மாட்டுவேன். ஐந்து நிமிஷத்தில் அவனுடைய மெயில் வந்து விழும். "டெஸ்ட்" என்று ஒரே சொல். அவன் இப்போதெல்லாம் அதில் விளையாட்டு எதுவும் எழுதுவதில்லை.

அதையும் அங்கிள் அச்செடுப்பார். முத்திரையில் தேதியைத் திருப்பி, 'பெறப்பட்டது' என்று குத்தி, ஃபைலில் கோப்பார். ஒன்றாம் நம்பர் எங்கே என்று கேட்ட அவளுடைய கடிதத்துக்கு மேல் இப்போது பதினான்கு டெஸ்ட் இருக்கின்றன.

"இன்கமிங் எப்படி இருக்கு தம்பி?"

"நல்லாத்தான் இருக்கு அங்கிள்" என்பேன். ஒவ்வொரு வியாழக்கிழமையும் அதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.